ஒரத்துப்பாளையத்திலிருந்து தொடங்குங்கள்

வணக்கம் ஐயா,

நான் காங்கேயம் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்து எம்.ஏ. வரலாறு படிக்கிறேன். ஆய்வேட்டுக்கு 'திருப்பூர் சாயத்தொழிலும் நொய்யல் மாசும்' என்று தலைப்பு. எண்பது பக்கம் எழுதிக் கொடுத்தேன். 'இது தொகுப்பு, ஆய்வு இல்லை' என்று எழுதி வழிகாட்டி திருப்பிக் கொடுத்துவிட்டார். இன்னும் ஆறு வாரம் இருக்கிறது. எங்களைப் போன்றவர்கள் பொதுவாகச் செய்யும் தவறுகள் என்ன? எப்படித் தவிர்ப்பது? முதல் அத்தியாயத்தை இணைத்திருக்கிறேன்.

எம்.ஏ. மாணவி (பெயர் வேண்டாம்)

அன்புள்ள அம்மிணி,

அத்தியாயத்தைப் படித்தேன். 'பண்டைக் காலம் தொட்டே மனிதன் ஆற்றங்கரைகளில் வாழ்ந்து வந்தான்' என்று ஆரம்பிக்கிறீர்கள். நொய்யல் வருவதற்குப் பன்னிரண்டு பக்கம் ஆகிறது. அந்தப் பன்னிரண்டு பக்கத்தையும் எடுத்துவிடுங்கள். ஒன்றும் குறையாது.

தவறு உங்கள் உழைப்பில் இல்லை, தலைப்பில் இருக்கிறது. இவ்வளவு பெரிய தலைப்பை எடுத்தால் எண்பது பக்கத்தையும் அடுத்தவர் வரிகளால்தான் நிரப்ப முடியும். நொய்யலின் குறுக்கே உள்ள ஒரத்துப்பாளையம் அணையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பாசனத்துக்கென்று கட்டி 1992இல் திறந்த அணை அது. சாயக்கழிவு வந்து தேங்கியதில், அந்தத் தண்ணீரை வயலுக்கு விட முடியாமல் போனது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. அணைக்குக் கீழே ஒரே ஓர் ஊரைத் தேர்ந்தெடுங்கள். 1992க்கு முன் அங்கே என்ன பயிர், 2011க்குப் பின் என்ன பயிர்? இது கேள்வி. இதற்கு நீங்களே விடை தேடிப் போக முடியும்.

தேடுவதற்கு அடங்கல் என்னும் கிராமப் பயிர்க் கணக்கு இருக்கிறது. எந்த சர்வே எண்ணில் எந்தப் போகத்தில் என்ன விளைந்தது என்று அதில் பதிந்திருப்பார்கள். பழைய ஏடுகளுக்குத் தாலுகா அலுவலகத்தில் மனு கொடுத்துப் பாருங்கள். ஒரு எச்சரிக்கை: அதில் பசலி ஆண்டுதான் இருக்கும். பசலி 1402 என்றால் 1992 ஜூலை முதல் 1993 ஜூன் வரை. இதைக் கவனிக்காமல் கணக்குப் போட்டால் அட்டவணை முழுக்க ஓராண்டு தள்ளிப்போய்விடும்.

'ஊர்ப் பெரியவர்கள் கூறுகின்றனர்' என்று நான்கு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். எத்தனை பேர்? என்ன வயது? ஆற்றுப் பாசனமா, கிணற்றுப் பாசனமா? எந்தத் தேதியில் கேட்டீர்கள்? பெயரைப் போட அவர்கள் சம்மதித்தார்களா? இவை இல்லாவிட்டால் அந்த வரிக்கு மதிப்பில்லை.

அப்புறம், 'சாயத்தின் நிறம் மண்ணைக் கெடுத்தது' என்று எழுதியிருக்கிறீர்கள். நிறம் கண்ணுக்குத் தெரிவதால் எல்லோரும் அப்படியே எழுதிவிடுகிறார்கள். பருத்தித் துணியில் சாயம் ஏறுவதற்கு உப்பை நிறையப் போடுவார்கள். நிறத்தை எடுத்த பிறகும் அந்த உப்பு தண்ணீரிலேயே கரைந்து நிற்கும். அதைப் பிரிக்கத்தான் சவ்வூடு வடிகட்டியும் ஆவியாக்கும் கருவியும் தேவைப்பட்டன. வயலைப் பெரிதும் பாழாக்கியது அந்த உப்புத்தான். தொழிலில் இருப்பவர் ஒருவரிடம் பத்து நிமிடம் பேசியிருந்தால் இந்த வரி சரியாகியிருக்கும்.

மேற்கோள் விஷயத்தில் என் அனுபவத்தைச் சொல்கிறேன். ஒரு பழைய ஆவணத்தின் வரியை வேறொருவர் புத்தகத்திலிருந்து எடுத்துவிட்டு, மூல ஆவணத்தையே பார்த்தது போல அடிக்குறிப்புப் போட்டேன். வாய்மொழித் தேர்வில் அதைப் பார்த்தீர்களா என்று கேட்டார்கள். அந்தப் புத்தகத்தில் இருந்த பிழை என் ஏட்டிலும் இருந்தது. அன்று பட்ட வெட்கம் இன்னும் ஆறவில்லை. குறிப்பு எடுக்கும்போதே புத்தகம், பதிப்பு, பக்க எண் மூன்றையும் எழுதிவிடுங்கள். பார்க்காததைப் பார்த்ததாகக் காட்டாதீர்கள்.

நகல் சோதனையை நினைத்துச் சொற்களை மாற்றிப்போட்டுக்கொண்டு உட்காராதீர்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிப்படி, பிறர் எழுத்தோடு ஒத்துப்போவது 10 விழுக்காடு வரை தண்டனையில்லை. 60ஐத் தாண்டினால் பதிவே ரத்தாகும். ஆதாரம் காட்டி முறையாக எடுத்த மேற்கோள் இந்தக் கணக்கில் சேராது. உங்கள் ஊர் அடங்கலைப் பார்த்து நீங்கள் போடும் அட்டவணை வேறு யார் ஏட்டிலும் இருக்கப்போவதில்லை.

ஆறு வாரத்தில் முதல் மூன்றை ஊருக்கும் தாலுகா அலுவலகத்துக்கும் கொடுங்கள். முன்னுரையைக் கடைசி வாரத்தில் எழுதினால் போதும். அட்டவணை தயாரானதும் அனுப்புங்கள் அம்மிணி, உட்கார்ந்து சரிபார்க்கிறேன்.