சவரக்கத்தியை வீட்டிலேயே குறைந்த செலவில் தீட்டப் பழக முடியுமா?

முடியும். நானூறு ஐந்நூறு வெள்ளி (மலேசிய ரிங்கிட்) போட்டுத் தீட்டும் கல் வாங்காமல் இந்தப் பக்கம் வராதே என்று யாரோ உங்களை மிரட்டியிருப்பார்கள். அதனால்தான் "குறைந்த செலவில்" என்று கேட்கிறீர்கள்.

நான் மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவன். அப்பா பால்மரம் வெட்டினார், அதாவது ரப்பர் மரப் பட்டையைச் சீவிப் பால் எடுத்தார். சாயங்காலமானால் லயத்து (தொழிலாளர் வரிசை வீட்டு) வாசலில் கத்தியோடு உட்கார்ந்துவிடுவார். அந்தக் கத்தியின் வாய் மடிந்து வளைந்திருக்கும், அதனால் உள்பக்கமும் தீட்ட வேண்டும், வெளிப்பக்கமும் தீட்ட வேண்டும். கத்தி மழுங்கினால் பட்டை பிய்யும், ஆழமாக இறங்கினால் மரத்தில் காயம் விழும், அப்புறம் புதுப்பட்டை மேடும் பள்ளமுமாக வளரும். கங்காணியிடம் ஏச்சு வாங்குவதும் அவர்தான். ஈப்போவில் கல் விற்ற ஒருவர் என் ஊரைக் கேட்டுவிட்டு, "தோட்டத்து ஆளுங்களுக்கு இதெல்லாம் எதுக்கு?" என்றார். வயிற்றுப்பாட்டுக்காகத் தினமும் கத்தி தீட்டிய சனங்களைப் பார்த்துச் சொல்கிற பேச்சா அது?

அப்பாவின் கத்தியோடு பார்த்தால் சவரக்கத்தி எளிது. முதுகையும் வாயையும் சேர்த்துக் கல்லில் படுக்க வைத்தால் கோணம் தானாக அமைந்துவிடும். முதுகை மட்டும் தூக்கவே கூடாது. வாய் முன்னால் போகும்படி, அழுத்தாமல், அடியிலிருந்து நுனிவரை கல்லில் படும்படி சாய்வாகத் தள்ளுங்கள். திருப்பும்போது முதுகின் மேல் உருட்டித் திருப்புங்கள்.

கல்லில் காசு போட வேண்டியது 1000 கிரிட் கல் ஒன்றுக்குத்தான் (கிரிட் எண் கூடக் கூடக் கல் நயமாக இருக்கும்). இரண்டு பக்கச் சரிவும் வாயின் முழு நீளத்துக்கும் ஒன்றையொன்று தொடும்வரை அதை விட்டு நகராதீர்கள். அங்கே தொடாத வாயை 12000 கிரிட் கல்லாலும் காப்பாற்ற முடியாது. கல் சமமாக இருப்பதும் முக்கியம். கல்லின் மேல் பென்சிலால் கட்டம் போட்டு, தடித்த கண்ணாடித் துண்டின் மேல் தண்ணீர்த் தாளை (நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாளை) வைத்து, கோடெல்லாம் அழியும்வரை கல்லை அதில் தேய்த்துவிடுங்கள். மேற்கொண்டு விலை உயர்ந்த கல் எதுவும் வேண்டாம். லேப்பிங் ஃபிலிம் என்கிற நயமான தேய்ப்புத் தாளை 9, 3, 1 மைக்ரான் (எண் குறையக் குறைய நயம்) என்று வாங்கி, அந்த வரிசையிலேயே தீட்ட, அதே கண்ணாடியில் தண்ணீர் தெளித்து ஒட்டிக்கொள்ளுங்கள். கடைசியில் தோல்வாரில் இழுங்கள், அதில் மட்டும் முதுகு முன்னால் போக வேண்டும். நல்ல தோல் பெல்ட் பழையது இருந்தால் பலகையில் ஒட்டிக்கொள்ளலாம். நம் ஊர் ஈரக்காற்றில் கார்பன் எஃகு சீக்கிரம் துருப்பிடிக்கும், சவரம் முடிந்ததும் துடைத்துத் தையல் மிஷின் எண்ணெய் தடவுங்கள்.

இயற்கைக் கல்லின் மென்மை ஃபிலிமில் வராது என்று சிலர் சண்டைக்கு வருவார்கள். வரட்டும். கைக்காசைப் பார்த்து வாங்குகிறவருக்குத்தான் எழுதுகிறேன். முடிதிருத்தும் கடைகளில் ஆளுக்கொரு பிளேடு மாற்றுவதையும் நான் குறை சொல்லவில்லை, பலர் முகத்தில் படுகிற கத்திக்கு அதுதான் சரி. நான் சொல்வது சொந்த முகத்துக்கு.

கடை என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர் முடிதிருத்தும் கடை ஆள் கிடைக்காமலேயே மூடியது. வெளிநாட்டு ஆள் எடுக்க 2009இல் நிறுத்திய அனுமதி 2023இல்தான் திரும்ப வந்தது, அதுவும் ஜவுளி, நகைத் தொழில், முடிதிருத்தம் மூன்றுக்கும் சேர்த்து 7,500 பேருக்கு. பதினான்கு வருஷம் ஒரு சின்னக் கடை எதை வைத்துத் தாங்கும்? உள்ளூர்ப் பிள்ளைகளை ஏன் பழக்கவில்லை என்பார்கள். ஒற்றை நாற்காலிக் கடையில் எந்தச் சம்பளத்தைக் கொடுத்துப் பழக்குவது?

சரி, உங்கள் கத்திக்கு வருகிறேன். பழைய கத்தி வாங்குவதானால் வாயோரம் துருக்குழி உள்ளதை எடுக்காதீர்கள், அதை 1000 கல்லில் தேய்த்து முடியாது. ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால், வாயில் எங்காவது சில்லு உடைந்திருக்கிறதா, முதுகு எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று எழுதுங்கள். எதில் தொடங்குவது என்று சொல்கிறேன்.