கேள்வி–பதில்: 606 டாலர் ஆல்பம்

அமெரிக்க ராக் இசைக்குழு நிர்வாணா தன் முதல் ஆல்பத்தை வெறும் 606 டாலரில் பதிவு செய்ததாமே? எப்படி முடிந்தது?
— வாசகர், தேனி

உண்மைதான். 606 டாலர் 17 சென்ட். சியாட்டிலில் ரெசிப்ரோகல் ஸ்டூடியோவில் ஒலிப்பதிவாளர் ஜாக் எண்டினோ ஏறக்குறைய 30 மணி நேரம் உழைத்ததற்கான பில் அது. பணம் கட்டிய ஜேசன் எவர்மேன் அந்தப் பதிவில் வாசிக்கவே இல்லை. ஆனாலும் 1989இல் 'ப்ளீச்' என்ற பெயரில் வந்த அந்த ஆல்பத்தின் உறையில் கிட்டார் கலைஞராக அவர் பெயரைப் போட்டார்கள். நல்ல மனசு!

செலவு குறைந்ததற்குக் காரணம் முன்தயாரிப்பு. குழுவைத் தொடங்கிய கர்ட் கோபெய்னும் கிறிஸ்ட் நோவோசெலிக்கும் அபெர்டீன் என்ற மரத்தொழில் ஊரிலிருந்து வந்தவர்கள். ஆல்பத்துக்கு முன்பே, 1988 ஜனவரி 23 அன்று, மாதிரிப் பதிவுக்காக மெல்வின்ஸ் குழுவின் டேல் குரோவரை டிரம்ஸுக்கு அழைத்துக்கொண்டு, ஒரே பிற்பகலில் பத்துப் பாட்டுகளைப் பதிந்தார்கள். பில் 152 டாலர் 44 சென்ட். பத்தாவது பாட்டின் நடுவில் நாடா தீர்ந்துவிட்டது. புது ரீலுக்குச் செலவழிக்காமல், இருந்தவரை வைத்து ஒலியைப் படிப்படியாகக் குறைத்து முடித்தார்கள். 2,500 அடி நாடா, நொடிக்கு 15 அங்குல வேகத்தில் 33 நிமிடம்தான் ஓடும். இத்தனை இறுக்கத்தில் ஸ்டூடியோவில் உட்கார்ந்து மெட்டுத் தேட முடியாது. பாட்டு முழுவதையும் மூன்று முறை தொடர்ந்து பிசகாமல் வாசிக்க வருகிறதா என்று பார்த்துவிட்டு ஸ்டூடியோவுக்குத் தேதி கேளுங்கள்.

அந்தக் காலத்து எட்டு டிராக்கில் ஒரு குழு முழுவதும் எப்படி அடங்கியது?
— வாசகி, நாகர்கோவில்

டிராக் என்பது நாடாவில் தனியாகப் பதியும் ஒரு தடம். வழக்கமான பங்கீடு இது: கிக் டிரம்முக்கு (காலால் அடிக்கும் பெரிய டிரம்) ஒன்று, ஸ்னேருக்கு (குச்சியால் அடிக்கும் சிறிய டிரம்) ஒன்று, டிரம்ஸுக்கு மேலே தொங்கும் மைக்குகளுக்கு இரண்டு, பேஸுக்கு ஒன்று, கிட்டாருக்கு இரண்டு, குரலுக்கு ஒன்று. இதற்குமேல் இரட்டைக் குரல் வேண்டுமென்றால் இரண்டு டிராக்கை ஒன்றாக்க வேண்டும். அப்படிக் கலந்ததைப் பிறகு பிரிக்க முடியாது. நகலெடுக்க எடுக்க நாடாவின் இரைச்சலும் ஏறும். இன்று உங்கள் ஆடியோ இன்டர்ஃபேஸில் (மைக்கைக் கணினியோடு இணைக்கும் கருவி) இரண்டே உள்ளீடு இருந்தால், டிரம்ஸுக்கு ஒரு மைக்கை ஸ்னேருக்கு மேலே மூன்றரை அடியில் கட்டுங்கள். இன்னொன்றைக் கிக் முன்னால் வையுங்கள். இரண்டே மைக்கில் டிரம்ஸ் நன்றாகவே வரும்.

எங்கள் பயிற்சி அறை 10-க்கு 12 அடி. பாட்டுக் குரல் கேட்பதில்லை. வால்யூமைக் கூட்டினால் மைக் கூவுகிறது.
— வாசகர், காரைக்குடி

முதலில் கிட்டாரைக் குறையுங்கள். ஆம்ப் (கிட்டார் ஒலியைப் பெருக்கும் பெட்டி) தரையில் இருப்பதால் ஒலி கிட்டார்காரரின் முழங்காலுக்குப் போகிறது. தனக்கே கேட்கவில்லை என்று அவர் கூட்டிக்கொண்டே போகிறார். அதை நாற்காலியில் ஏற்றி, காதைப் பார்க்கச் சாய்த்தால் பாதிச் சண்டை தீரும். ஸ்பீக்கர் ஒலி மைக்குக்குள் திரும்பப் புகுந்து சுற்றுவதால்தான் கூவல் வருகிறது. ஆகவே ஸ்பீக்கர் மைக்கின் பின்புறத்தைப் பார்க்கட்டும். பாடுபவர் மைக்கின் வலைத்தலையைக் கையால் பொத்தக் கூடாது. பொத்தினால் பின்புற ஒலியைத் தடுக்கும் தன்மை போய்விடும். உதட்டுக்கும் மைக்குக்கும் இரண்டு விரல் இடைவெளி போதும்.