‘அயர்லாந்து’ என்று மட்டும் எழுதியிருந்தால்

கேள்வி: என் கணவர் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்துக்காரர். அவருடைய கொள்ளுத்தாத்தாவின் பெற்றோர் அயர்லாந்திலிருந்து வந்தவர்களாம். 1881 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அவர்கள் பிறந்த இடம் ‘அயர்லாந்து’ என்று மட்டும் இருக்கிறது. எந்த ஊர் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: அவசரப்பட்டு அயர்லாந்து ஆவணங்களில் இறங்கிவிடாதீர்கள். அங்கே ‘டவுன்லேண்ட்’ எனப்படும் சிற்றூர்ப் பிரிவுகளே 60,000-க்கு மேல். ஒரே பெயரில் எத்தனையோ பேர் வந்து நிற்பார்கள். நீங்கள் தேடும் ஊரின் பெயர் ஸ்காட்லாந்துக் காகிதத்திலேயே இருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

ஸ்காட்லாந்தில் 1855 முதல் பிறப்பு, திருமணம், இறப்புப் பதிவு கட்டாயம். ‘ஸ்காட்லாந்ஸ் பீப்பிள்’ என்ற அரசு இணையதளத்தில் கட்டணம் செலுத்திப் பார்க்கலாம். இறப்புப் பதிவில் இறந்தவரின் அப்பா பெயரோடு, அம்மாவின் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயரும் இருக்கும். பிறப்புப் பதிவு இன்னும் மேல்: 1861-லிருந்து, பெற்றோர் எந்தத் தேதியில், எங்கே மணமுடித்தார்கள் என்பதையும் அதில் எழுதினார்கள். அயர்லாந்தில் கல்யாணமாகி வந்த தம்பதி என்றால் ஊர் அங்கேயே கிடைத்துவிடலாம். அதனால் கொள்ளுத்தாத்தாவோடு நிறுத்தாமல், அவருடன் பிறந்தவர்கள் எல்லாருடைய பதிவையும் எடுங்கள். ஒரு பிள்ளைக்கு ‘டொனெகால்’ என்று மாவட்டத்தோடு விட்டிருப்பார்கள். அடுத்த பிள்ளைக்குப் பங்கின் (ஒரு தேவாலயத்துக்கு உட்பட்ட ஊர்ப்பகுதியின்) பெயரே இருக்கும்.

நான் மிகவும் நம்புவது ஏழைகள் நிவாரண மனுக்களை. கிளாஸ்கோ மிட்செல் நூலகத்திலுள்ள நகர ஆவணக் காப்பகத்தில் 1851 முதல் இவை இருக்கின்றன. செலவு யார் தலையில் விழும் என்று முடிவு செய்ய, வந்தவரைத் துருவித் துருவிக் கேட்டார்கள். அயர்லாந்துக்காரரைத் திருப்பி அனுப்பவும் சட்டம் இடம் தந்தது. பிறந்த ஊர், மதம், பிள்ளைகளின் வயது, முன்பு குடியிருந்த தெருக்கள் எல்லாம் அந்த மனுவில் வரும். ‘நம் குடும்பத்தில் யாரும் கையேந்தியதில்லை’ என்று இதை ஒதுக்கிவிடாதீர்கள். புருஷன் வேலைக்குப் போன இடத்தில் அடிபட்டுப் படுத்தால், அடுத்த வாரமே மனைவி அந்த வரிசையில் நிற்க வேண்டியிருந்த காலம் அது.

ஊர் தெரிந்த பிறகு கடல் தாண்டுங்கள். அயர்லாந்தில் முழுமையான பதிவு 1864-இல்தான் தொடங்கியது; அதற்கு முந்தைய கத்தோலிக்கப் பங்குப் பதிவேடுகளை அயர்லாந்து தேசிய நூலகத்தின் தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். பல லத்தீனில் இருக்கும். ஜேம்ஸ் அங்கே ‘ஜாகோபஸ்’. 1821 முதல் 1851 வரையிலான கணக்கெடுப்புகள் பெரும்பாலும் 1922-இல், அவற்றை வைத்திருந்த டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் நீதிமன்ற வளாகத் தீயில் போய்விட்டதால், 1847–1864 காலத்து கிரிஃபித் நில மதிப்பீடுதான் (வரி போடுவதற்காக, எந்த நிலமும் வீடும் யார் வசம் என்று எழுதிய பட்டியல்) கைகொடுக்கும். அதில் கணவன், மனைவி இருவரின் குடும்பப் பெயரும் ஒரே பங்கில் வருகிறதா என்று பாருங்கள். குடும்பப் பெயரின் முன்னால் வரும் ‘ஓ’, ‘மக்’ முன்னொட்டுகள் இல்லாமலும் தேடுங்கள்.