ஜாவா நிரல்மொழியில் லிஸ்ட்டை செட்டாக மாற்றினால் வரிசை ஏன் குலைகிறது?

லிஸ்ட், சேர்த்த வரிசையை அப்படியே வைத்திருக்கும் தொகுப்பு. ஒரே பெயர் பலமுறை வரலாம். செட்டில் ஒருமுறைதான்.

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டக் கோயிலின் திருவிழா நன்கொடை நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று தடவை பணம் கொடுத்தவர் பெயர் மூன்று வரியில் இருக்கும். அது லிஸ்ட். அன்னதானத்துக்குத் தலை எண்ண, ஆளுக்கு ஒருமுறை எனத் தனித்தாளில் எழுதினால் அது செட்.

ஜாவாவில் பொதுவாகப் பயன்படும் செட் வகை ஹேஷ்செட். அது ஒவ்வொரு பெயருக்கும் ஹேஷ் எண் (அந்தப் பெயரிலிருந்தே பெறப்படும் ஓர் எண்) கணக்கிட்டு, அதை வைத்தே இடம் ஒதுக்குகிறது. தேடல் வேகமாகும், வந்த வரிசை போய்விடும். வரிசையும் வேண்டுமென்றால் லிங்க்டுஹேஷ்செட் இருக்கிறது, ஜாவா 1.4 முதலே. (நான் பெரும்பாலும் அதைத்தான் எடுப்பேன்.)

அப்புறம், மாற்றியதும் பழைய லிஸ்ட்டே செட்டாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, நோட்டு அப்படியே இருக்கும், புதுத்தாள் ஒன்று கூடுதலாக வரும், அவ்வளவுதான்.