முன்வாசல் சிமெண்டில் ஐந்து கிலோமீட்டர்

கேள்வி (2021 ஜூன் முழு அடைப்பின்போது வந்தது): வணக்கம் டாக்டர். எனக்கு 46 வயது. மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனை ஆலையில் ஷிப்ட் வேலை. நான்கு வருடத்துக்கு முன் இனிப்புநீர் (நீரிழிவு) இருப்பது தெரிந்ததும் தோட்டத்துச் செம்மண் சாலையில் ஓட ஆரம்பித்தேன். வாரத்தில் ஐந்து நாள், ஐந்து கிலோமீட்டர். எச்பிஏ1சி (இரண்டு மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் சோதனை) 8.4-லிருந்து 6.8-க்கு இறங்கியது. போன வருடம் பிகேபி (கோவிட் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை) வந்ததிலிருந்து ஓட்டம் விட்டு விட்டுத்தான் நடக்கிறது. இப்போது ஜூன் 1 முதல் மறுபடியும் முழு அடைப்பு. தோட்டத்து கேட்டையும் வெளியாட்களுக்குச் சாத்திவிட்டார்கள். வீட்டு முன்னால் கார் நிறுத்தும் இடத்திலேயே ஓடுகிறேன். மாதம் 100 கிலோமீட்டர் முடித்தால் மெடல் என்று மெய்நிகர் ஓட்டம் ஒன்றுக்கும் பெயர் கொடுத்திருக்கிறேன். மூன்று வாரமாகக் காலையில் எழுந்து காலை ஊன்றினாலே வலது குதிகாலில் ஆணி குத்துகிற மாதிரி வலி. பத்து அடி நடந்தால் குறைகிறது. ஓட்டத்தை நிறுத்தினால் நான்கு வருட உழைப்பும் போய்விடுமா? சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், கிலிக்கிளாசைட் மாத்திரை சாப்பிடுகிறேன்.

பதில்: உங்கள் கடிதத்தில் இல்லாத ஒன்றை ஆள் விட்டுக் கேட்க வேண்டியிருந்தது. என்ன சப்பாத்து போட்டு ஓடுகிறீர்கள்? "கம்போங் அடிடாஸ்தான் டாக்டர்" என்று பதில் வந்தது. சிரித்துவிட்டேன். ரப்பர் பால் வெட்டப் போன என் அப்பா காலிலும் அதேதான் கிடந்தது. முழுக்க ரப்பர், அடியில் பொட்டுப் பொட்டாக முள், தண்ணீர் ஊற்றிக் கழுவினால் புதுசு. சேற்றிலும் செம்மண்ணிலும் அதை மிஞ்ச ஆளில்லை. காட்டுப்பாதை ஓட்டப் போட்டிகளில்கூட அதைப் போட்டுக்கொண்டு ஓடுகிறவர்கள் உண்டு. ஆனால் உள்ளே மெத்தை என்று ஒன்றும் கிடையாது. தோட்டத்தில் மண் உங்களுக்கு மெத்தையாக இருந்தது. சிமெண்டில் அந்த வேலையைக் குதிகால் செய்கிறது.

அடுத்து ஒரு கணக்கு. தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளில் கார் நிறுத்தும் இடம் ஆறு மீட்டர் நீளம் இருந்தால் பெரிசு. அதில் ஐந்து கிலோமீட்டர் என்றால் 833 தடவை. ஒவ்வொரு தடவையும் கேட் பக்கம் போய் நின்று, பாதத்தைத் திருகித் திரும்பி, மறுபடி உதைத்துக் கிளம்ப வேண்டும். நிற்பதும் திருகுவதும் உதைப்பதும் ஒரு நாளைக்கு எண்ணூறு தடவை! தோட்டத்துச் சாலையில் ஐந்து கிலோமீட்டருக்கு நீங்கள் ஒரே ஒரு முறைதான் திரும்பியிருப்பீர்கள், பாதி தூரத்தில்.

குதிகால் எலும்பிலிருந்து விரல் அடி வரை பாதத்துக்குக் கீழே ஒரு தடித்த நார்ப்பட்டை ஓடுகிறது. வில்லுக்கு நாண் மாதிரி. உங்களுக்கு நொந்துபோயிருப்பது அநேகமாக அதுதான். இரவு முழுக்கச் சுருங்கிக் கிடந்த பட்டை, காலையில் முதல் அடி வைத்ததும் திடீரென்று இழுபடுகிறது. அதனால்தான் முதல் பத்து அடிக்கு உயிர் போகிறது, அப்புறம் இளகிவிடுகிறது. பெரும்பாலும் அறுவை சிகிச்சை இல்லாமலே ஆறிவிடும், ஆனால் மாதக்கணக்கில் இழுக்கும். அதனால் இப்போதே கவனியுங்கள்.

காலையில் கட்டிலை விட்டு இறங்குமுன் உட்கார்ந்தபடியே வலது காலை இடது முட்டி மேல் போடுங்கள். கை விரல்களால் கால் விரல்களைப் பிடித்து முழங்கால் பக்கம் பின்னால் இழுங்கள். அடிப்பாதத்தில் மற்றக் கையின் கட்டை விரலை வைத்துப் பார்த்தால் பட்டை கயிறு மாதிரி விறைத்து நிற்பது தெரியும். பத்து எண்ணும் வரை பிடித்து விடுங்கள், பத்து தடவை. பிறகு இறங்கி நேராகச் செருப்புக்குள் காலை விடுங்கள். வீட்டுக்குள் செருப்பா என்று வீட்டில் முகம் சுளிப்பார்கள். வெளியே போடாத ஒரு ஜோடியை வீட்டுக்கென்று வைத்துக்கொண்டால் சண்டை வராது. டைல்ஸ் தரையில் வெறுங்காலோடு நடப்பது இந்த வலிக்கு நல்லதில்லை.

மாலையில் சின்னத் தண்ணீர் போத்தலை ஃபிரீசரில் உறைய வைத்து, துணி சுற்றி, பாதத்துக்கு அடியில் ஐந்து பத்து நிமிடம் உருட்டலாம். பாதத்தில் மரத்துப்போன உணர்வோ எரிச்சலோ இருந்தால் ஐஸ் வேண்டாம். இனிப்புநீர்க்காரர்களுக்கு உணர்ச்சி குறைந்திருந்தால் சில்லிப்பு புண்ணாக்கினாலும் தெரியாது. வலி மாத்திரை வாங்கித் தினமும் போட்டுக்கொள்வதும் கூடாது. பல வலி மாத்திரைகள் சிறுநீரகத்துக்கு ஆகாது; உங்களுக்கு அது ஏற்கெனவே காப்பாற்ற வேண்டிய உறுப்பு.

சரி, நான்கு வருட உழைப்பு போய்விடுமா?

உடம்பில் இரண்டு கடிகாரம் ஓடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். மூச்சும் இதயமும் ஒரு கடிகாரம். ஓட்டத்தை நிறுத்தியதும் முதலில் குறைவது இரத்தத்தில் உள்ள நீர்ப்பகுதி. அதனால்தான் இரண்டு வாரம் கழித்து ஓடினால், பழைய வேகத்துக்கே நெஞ்சு படபடக்கிறது, எல்லாம் போச்சு என்று தோன்றுகிறது. மறுபடி ஓடத் தொடங்கினால் அது சீக்கிரம் திரும்பிவிடும். மூன்று நான்கு வாரம் ஒன்றுமே செய்யாவிட்டாலும் உள்ளூரத் திறன் சில விழுக்காடுதான் இறங்கும். அதிலும் தூரத்தைப் பாதிக்கு மேல் குறைத்தாலும், வாரத்தில் இரண்டு மூன்று நாள் மூச்சு வாங்குகிற மாதிரி ஏதாவது செய்தால் பெரும்பகுதி அப்படியே நிற்கும். ஆக இந்தக் கடிகாரம் மெதுவாக ஓடுகிறது.

இன்னொன்று சர்க்கரை. அது வேகமான கடிகாரம். நீங்கள் ஓடி முடித்த பிறகும் தசைகள் இன்சுலினுக்கு நன்றாக வசப்படுகின்றன, ஆனால் அந்தப் பலன் ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு மூன்று நாள்தான். அதனால் இனிப்புநீர் உள்ளவர்களுக்கு நாங்கள் சொல்வது, தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் உடற்பயிற்சியில் இடைவெளி விழக்கூடாது. உங்களைப் பொறுத்தவரை கிலோமீட்டரைவிட இடைவெளிதான் விஷயம். ஞாயிற்றுக்கிழமை ஒரே மூச்சில் 15 கிலோமீட்டர் ஓடி மெடல் கணக்கை முடித்துவிட்டு, அடுத்த நான்கு நாள் ஷிப்ட் அசதி என்று படுத்துவிட்டால் சர்க்கரைக்கு லாபமில்லை, குதிகாலுக்கு நட்டம். மெய்நிகர் ஓட்டம் நடத்துகிறவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் இந்த ஒன்றரை வருடத்தில் அந்த மெடலுக்காகக் காலைக் கெடுத்துக்கொண்டு வந்தவர்களை வரிசையாகப் பார்த்துவிட்டேன். இந்த மாதம் அதை விட்டுவிடுங்கள்.

2019 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. மலேசிய இந்தியரான நம்மவர்களிடம் விகிதம் இன்னும் அதிகம். அதனால் நீங்கள் பழக்கத்தை விட வேண்டும் என்று நான் சொல்லவே மாட்டேன். உருவத்தை மாற்றுங்கள், அவ்வளவுதான்.

வலி தணியும் வரை முன்வாசல் ஓட்டம் வேண்டாம், கயிறு தாண்டுவதும் வேண்டாம். குதிக்காமல் மூச்சு வாங்க வைக்கிற வேலை நிறைய இருக்கிறது. வாசல்படியில் ஏறி இறங்குவது ஒன்று: ஒரு நிமிடம் வேகமாக, இரண்டு நிமிடம் மெதுவாக, எட்டு சுற்று. பாதம் முழுக்கப் படியில் பதிய வேண்டும். முதல் நாளே எட்டும் வேண்டாம், நான்கில் தொடங்குங்கள். பாதிப் பேச்சில் வாக்கியம் அறுபடுகிற அளவு மூச்சு வாங்கினால் போதும். பழைய சைக்கிள் இருந்தால் இன்னும் நல்லது. நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது எல்லாம் மற்ற நாட்களுக்கு. சாப்பிட்டதும் பத்துப் பதினைந்து நிமிடம் வீட்டைச் சுற்றி நடந்தால் சாப்பாட்டுக்குப் பிந்தைய சர்க்கரை குறையும். நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு) சாப்பிட்ட அன்றைக்குக் கட்டாயம். ஆலையில் குடிக்கிற தே ஓ, கோசோங்தானா (பாலும் சர்க்கரையும் இல்லாததுதானா) என்பதையும் உங்கள் மனசாட்சியிடம் விட்டுவிடுகிறேன்.

கிலிக்கிளாசைட் சாப்பிடுவதால் ஒன்றில் கவனம் வேண்டும். அது சர்க்கரையை ரொம்பவும் இறக்கிவிடக் கூடும், முக்கியமாக இரவு ஷிப்ட் முடித்து வயிறு காய்ந்திருக்கும்போது உடம்பை வருத்தினால். கை நடுங்கி, வியர்த்து, தலை சுற்றினால் உடனே நிறுத்தி மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடியுங்கள். 15 நிமிடம் கழித்துச் சோதித்துப் பாருங்கள். அடிக்கடி வந்தால் மாத்திரை அளவை மாற்ற வேண்டும், நீங்களாக நிறுத்தக்கூடாது.

வெளியே ஓடலாமா? 2020 மார்ச் 18-இல் தொடங்கிய முதல் பிகேபியில் ஓடப் போனவர்களைப் பிடித்து நீதிமன்றத்தில் நிறுத்தினார்கள். அந்தப் பயம் பலருக்கு இன்னும் போகவில்லை. இந்த 2021 ஜூன் அடைப்பில் குடியிருப்புப் பகுதிக்குள் இரண்டு மூன்று மீட்டர் இடைவெளியோடு ஓட அனுமதி இருக்கிறது. அறிவிப்பு அடிக்கடி மாறுகிறது, கிளம்புமுன் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். ஆளில்லாத சாலையில் ஓடும்போது முகக்கவசத்தைக் கழற்றிப் பையில் வைத்துக்கொள்ளலாம். வியர்வையில் நனைந்த கவசம் மூச்சை முட்டத்தான் செய்யும். கடைப் பக்கம் வந்தால் போட்டுக்கொள்ளுங்கள். தோட்டத்து கேட்டைத் தாண்டி இருட்டும் நேரத்தில் நுழைய வேண்டாம். காவலாளிக்குப் பயந்து மட்டும் சொல்லவில்லை, செம்பனைக்குள் எலி இருக்கிற இடத்தில் நாகமும் இருக்கும்.

கோவிட் தடுப்பூசிக்கு மைசெஜாத்ரா செயலியில் தேதி வந்தால் ஊசி போட்ட பிறகு இரண்டு மூன்று நாள் லேசான நடை மட்டும். நெஞ்சு வலியோ தாறுமாறான படபடப்போ வந்தால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். கோவிட்டே வந்துவிட்டால், அறிகுறி எல்லாம் நின்று ஏழு நாள் கழிந்த பிறகுதான் நடையில் தொடங்க வேண்டும்.

குதிகால் காலையில் வலிக்காமல் ஒரு வாரம் போனதும் மெத்தையுள்ள சப்பாத்தோடு தாமான் தார்ச்சாலையில் ஒன்றரை கிலோமீட்டர், ஒரு நாள் விட்டு ஒரு நாள். மறுநாள் காலை முதல் அடியில் வலி திரும்பாவிட்டால் மட்டும் தூரத்தைக் கூட்டுங்கள். ஆறு வாரத்தில் தணியவில்லை, அல்லது குதிகால் வீங்குகிறது, இரவில் படுத்தாலும் வலிக்கிறது, மரத்துப்போகிறது என்றால் கிளினிக்குக்கு வாருங்கள். வரும்போது சர்க்கரை எழுதிய புத்தகத்தோடு அந்தக் கம்போங் அடிடாஸையும் பையில் போட்டுக்கொண்டு வாருங்கள். அடிமுள் எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும்.