இரண்டு சித்தூர், நான்கு கேள்வி: ஆய்வகக் கேள்வி-பதில்

பாலக்காட்டுச் சித்தூரிலிருந்து கள், ஆந்திரச் சித்தூரிலிருந்து மாங்காய், இடுக்கியிலிருந்து ஏலக்காய் என்று இந்த முறை எல்லைப்புறத்து விளைச்சலே கேள்விகளாக வந்திருக்கிறது.

கே: கொழிஞ்சாம்பாறையிலிருந்து பொள்ளாச்சிக்குப் போய் எம்.எஸ்ஸி. மைக்ரோபயாலஜி படிக்கிறேன். தென்னங்கள்ளிலிருந்து ஈஸ்ட் பிரிப்பதுதான் புராஜெக்ட். தட்டு முழுக்கப் பாக்டீரியா. ஈஸ்ட் என்று நம்பி எடுத்த காலனிகளுக்கும் 16எஸ் பி.சி.ஆரில் (டி.என்.ஏ.வின் ஒரு துண்டைப் பல மடங்காக நகலெடுக்கும் முறை) பாண்ட் (ஜெல்லில் தெரியும் டி.என்.ஏ. கோடு) வரவில்லை. எங்கே தவறு?

ப: பாண்ட் வராதது நல்ல செய்திதான். 16எஸ் என்பது பாக்டீரியாவின் ரைபோசோம் மரபணு. ஈஸ்டின் உட்கருவில் இருப்பது 18எஸ். 27எஃப், 1492ஆர் என்ற 16எஸ் பிரைமர்களை (நகலெடுப்பைத் தொடங்கிவைக்கும் குறுந்துண்டுகள்) வைத்து அதைப் பிடிக்க முடியாது. 1,500 பேஸ் அளவில் பளிச்சென்று பாண்ட் வந்திருந்தால்தான் காலனியில் பாக்டீரியா கலந்திருக்கிறதோ என்று சந்தேகப்பட வேண்டும். ஈஸ்டுக்கு, ரைபோசோம் மரபணுக்களுக்கு இடையிலுள்ள ஐ.டி.எஸ். பகுதியைப் பிடிக்கும் ஐ.டி.எஸ்.1, ஐ.டி.எஸ்.4 பிரைமர்களைப் போடுங்கள். ரொட்டி ஈஸ்டான சாக்கரோமைசிஸ் செரிவிசியே என்றால் 850 பேஸ் பக்கம் பாண்ட் வரும். மற்ற ஈஸ்ட்கள் பலவற்றில் அதைவிடச் சிறிது.

பிரைமரை மாற்றியும் வரவில்லை என்றால் டி.என்.ஏ.வே வெளியே வந்திருக்காது. ஈஸ்டின் சுவர் குளுக்கனும் மேனனும் சேர்ந்தது. பாக்டீரியாவுக்குப் போடும் லைசோசைம் அதை உடைக்காது. விலையுயர்ந்த கிட்டும் தேவையில்லை. ஒரு காலனியை 200 மில்லிமோலார் லித்தியம் அசிடேட், 1% எஸ்.டி.எஸ். (ஒரு டிடர்ஜென்ட்) கலந்த கரைசல் 100 மைக்ரோலிட்டரில் கலக்கி, 70 டிகிரியில் 5 நிமிடம் வையுங்கள். 300 மைக்ரோலிட்டர் எத்தனால் ஊற்றி, 15,000 ஜி வேகத்தில் 3 நிமிடம் சுற்றுங்கள். படிவை 70% எத்தனாலால் கழுவி, உலர்த்தி, 100 மைக்ரோலிட்டர் தண்ணீரில் கரைத்து, இன்னொரு முறை 15 விநாடி சுற்றினால் மேலே நிற்கும் தெளிவிலிருந்து 1 மைக்ரோலிட்டர் போதும். கழுவுவதில் அவசரப்பட்டால் மிச்சமிருக்கும் எஸ்.டி.எஸ். பி.சி.ஆரில் நகலெடுக்கும் நொதியான டாக் பாலிமரேஸை முடக்கிவிடும்.

இனித் தட்டு. ஈஸ்ட் பிரிக்க அமிலத் தட்டு போடு என்று பாடப் புத்தகம் சொல்லும். கள்ளுக்கு அது மட்டும் போதாது, ஏனென்றால் கள்ளில் இருக்கும் லாக்டிக், அசிட்டிக் பாக்டீரியாக்களே அமிலத்தில் வாழப் பழகியவை. ஒரு லிட்டருக்கு ஈஸ்ட் எக்ஸ்ட்ராக்ட் 10 கிராம், பெப்டோன் 20, டெக்ஸ்ட்ரோஸ் 20, அகார் 20 என்று ஊடகம் செய்து, அதில் பாக்டீரியாவை அடக்கும் ஆன்டிபயாடிக்கான குளோராம்பெனிகால் 100 மி.கி. சேருங்கள். எத்தனாலில் மி.லி.க்கு 34 மி.கி. வீதம் கரைத்து வைத்த ஸ்டாக் என்றால் ஏறக்குறைய 3 மி.லி. அமிலமும் வேண்டுமென்றால் ஆட்டோகிளேவ் (நீராவி அழுத்தத்தில் கிருமி நீக்குதல்) முடிந்து 50 டிகிரிக்கு ஆறிய பிறகே சேருங்கள். அமிலத்தோடு வேகவைத்த அகார் உறையாமல் கஞ்சியாக நிற்கும்.

நீர்த்தலைப் பத்தாயிரத்தில் ஒன்றிலிருந்து பத்து லட்சத்தில் ஒன்று வரை போட்டு, ஒவ்வொன்றிலும் 0.1 மி.லி. பரப்பி, 30 டிகிரியில் 48 மணி நேரம் வையுங்கள். எடுக்கும் காலனியை முதலில் மைக்ரோஸ்கோப்பில் பாருங்கள். 40எக்ஸ் லென்ஸிலேயே முட்டை வடிவமும் மொட்டும் தெரிந்தால் ஈஸ்ட். சாராய வாசனையை வைத்து முடிவு செய்ய வேண்டாம். கள்ளில் சைமோமோனாஸ் என்ற பாக்டீரியாவும் ஆல்கஹால் உண்டாக்கும்.

மாதிரி எடுக்கும்போது கலயத்தில் சுண்ணாம்பு தடவியிருக்கிறதா என்று மரம் ஏறுபவரிடம் கேளுங்கள். தடவியிருந்தால் அது பதநீர். கார நிலையில் ஈஸ்ட் எண்ணிக்கை குறைந்துதான் இருக்கும். இன்னொன்று: கேரளத்தில் உரிமம் பெற்று இறக்கும் கள், தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்ட சரக்கு. குப்பியோடு கோபாலபுரம் செக்போஸ்ட்டில் நின்று நுண்ணுயிரியல் விளக்க வேண்டிவரும். நீர்த்தலையும் பரப்புதலையும் கேரளப் பக்கத்துக் கல்லூரி ஆய்வகம் ஒன்றில் கேட்டு முடித்துக்கொண்டு, தட்டுகளை மட்டும் துறைத் தலைவரின் கடிதத்தோடு கொண்டுபோங்கள்.

கே: ஆந்திரச் சித்தூரில் எம்.எஸ்ஸி. பயோகெமிஸ்ட்ரி. பெங்களூரா மாம்பழத் தோலில் ஆஸ்பர்ஜில்லஸ் நைஜர் பூஞ்சையை வளர்த்துப் பெக்டினேஸ் (பெக்டினை உடைக்கும் நொதி) எடுக்கிறேன். டி.என்.எஸ். முறையில் நொதியின் செயல்திறன் மிக அதிகமாக வருகிறது. வழிகாட்டி நம்ப மறுக்கிறார்.

ப: அவர் சந்தேகம் நியாயமானது. டி.என்.எஸ். என்ற நிறம் மாறும் கரைசல் நொதியை அளப்பதில்லை, ஒடுக்கும் சர்க்கரையை அளக்கிறது. மாந்தோல் சாற்றில் குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும் ஏற்கெனவே நிறைய. நொதி ஒன்றும் செய்யாவிட்டாலும் குழாய் சிவக்கும்.

ஒவ்வொரு மாதிரிக்கும் மூன்று குழாய் வையுங்கள். முதலாவதில் நொதிச்சாறு 0.5 மி.லி., பி.எச். 5 சிட்ரேட் பஃபரில் கரைத்த 0.5% பெக்டின் 0.5 மி.லி. இரண்டாவதிலும் அதே அளவுகள்தான். ஆனால் பெக்டினோடு டி.என்.எஸ்.ஸை முதலில் ஊற்றிவிட்டு, நொதியைக் கடைசியில் சேருங்கள். மூன்றாவதில் நொதிக்குப் பதில் பஃபர். 40 டிகிரியில் 10 நிமிடம் வைத்து, முதலாவதிலும் மூன்றாவதிலும் 2 மி.லி. டி.என்.எஸ். ஊற்றி, மூன்றையும் சேர்த்துக் கொதிநீரில் 5 நிமிடம். ஆறியபின் மூன்றாவதை பூஜ்யமாக வைத்து 540 நானோமீட்டரில் படியுங்கள். முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் கிடைப்பதுதான் நொதியின் வேலை. இரண்டாவதே மிக அடர்த்தியாக இருந்தால் கழித்தலை நம்ப முடியாது. சாற்றை 4 டிகிரியில் இரவு முழுக்கச் சவ்வுப் பையில் டயாலிசிஸ் செய்து சர்க்கரையை வெளியேற்றிவிட்டு மறுபடி தொடங்குங்கள்.

ஒப்பிடும் ஸ்டாண்டர்டாகக் குளுக்கோஸ் வேண்டாம், பெக்டின் உடையும்போது கிடைக்கும் காலக்டுரோனிக் அமிலம் போடுங்கள். அதன் மூலக்கூறு எடை 194. கழித்த பின் 0.388 மி.கி. வந்தால் அது 2 மைக்ரோமோல். 10 நிமிடம், 0.5 மி.லி. நொதி என்பதால் 2-ஐ 5-ஆல் வகுத்தால் மி.லி.க்கு 0.4 யூனிட் (நிமிடத்துக்கு ஒரு மைக்ரோமோல் என்பது ஒரு யூனிட்). சாற்றை நீர்த்திருந்தால் அந்த மடங்கால் பெருக்க மறக்க வேண்டாம்.

புரதத்தை லோரி முறையில் அளந்திருந்தால் அதையும் மாற்றுங்கள். மாந்தோலின் ஃபீனால்கள் லோரியின் ஃபோலின் கரைசலோடு நேராக வினைபுரிந்து புரதத்தைக் கூட்டிக் காட்டும். பிராட்ஃபோர்டு என்ற சாய முறை இதில் ஒப்பீட்டளவில் பாதுகாப்பானது.

கே: குமுளியில் இருக்கிறேன். பயோஇன்ஃபர்மேட்டிக்ஸ் ஆய்வு. ஏலக்காய் எண்ணெயின் 1,8-சினியோலை ஒரு பாக்டீரியப் புரதத்தோடு ஆட்டோடாக் வினா என்ற மென்பொருளில் டாக் செய்தால் (எவ்வளவு ஒட்டும் என்று கணினியில் பொருத்திப் பார்த்தால்) -5.4 வருகிறது, ருட்டின் என்ற தாவரச் சேர்மத்துக்கு -8.6 (மைனஸ் கூடக் கூட ஒட்டல் வலுவு). ஏலக்காயைக் கைவிட்டுவிடலாமா? கிரிட் (தேடல் பெட்டி) 60×60×60 வைத்தேன்.

ப: முதலில் கிரிட். 60 என்பது ஆட்டோடாக் 4 வழிகாட்டிகளில் வரும் புள்ளி எண்ணிக்கை, 0.375 ஆங்ஸ்ட்ராம் இடைவெளியில் 22.5 ஆங்ஸ்ட்ராம் பெட்டி. வினா அந்த எண்ணை நேரடியாக ஆங்ஸ்ட்ராமாகவே எடுத்துக்கொள்ளும். நீங்கள் வினை மையத்தோடு புரதத்தின் பெரும்பகுதியையும் தேடச் சொல்லியிருக்கிறீர்கள். 20 முதல் 25 வரை போதும்.

அடுத்து, படிகக் கட்டமைப்பில் ஏற்கெனவே ஒட்டியிருக்கும் மூலக்கூறை வெளியே எடுத்து, அதே இடத்தில் திரும்ப டாக் செய்யுங்கள். பழைய நிலையிலிருந்து ஆர்.எம்.எஸ்.டி. (அணுக்களின் சராசரி விலகல்) 2 ஆங்ஸ்ட்ராமுக்குள் வரவில்லை என்றால் மற்ற எண்களைப் பேசிப் பயனில்லை.

ருட்டினில் ஹைட்ரஜன் தவிர 43 அணுக்கள், சினியோலில் 11. பெரிய மூலக்கூறுக்குப் பெரிய மதிப்பெண் தருவது வினாவின் இயல்பு. அணுவுக்கு இவ்வளவு என்று வகுத்தால் சினியோல் 0.49, ருட்டின் 0.2. இந்த வகுத்தல் சிறியதற்குச் சாதகம் செய்யும், ஆகவே இதையும் தீர்ப்பாக எழுதிவிடாதீர்கள். -7.1, -7.4 என்று 0.3 வித்தியாசத்தில் வரிசைப்படுத்தும் அட்டவணைகள் வெறும் அலங்காரம். எம்.ஐ.சி. சோதனை (பாக்டீரியா வளர்ச்சியைத் தடுக்கும் குறைந்தபட்ச அளவைக் காண்பது) செய்து பாருங்கள். சினியோல் ஆவியாகிப் பக்கத்துக் குழிக்கும் போகும் என்பதால் 96 குழித் தட்டை சீலர் ஒட்டி மூடுங்கள், கன்ட்ரோல் குழிகளை ஒரு வரிசை தள்ளி வையுங்கள்.

கே: நகரியிலிருந்து எழுதுகிறேன். பயோகெமிஸ்ட்ரி, மைக்ரோபயாலஜி, பயோஇன்ஃபர்மேட்டிக்ஸ் மூன்றுக்கும் சி.எஸ்.ஐ.ஆர்.-நெட் (ஆராய்ச்சி உதவித்தொகைக்கும் உதவிப் பேராசிரியர் தகுதிக்குமான தேர்வு) தனித்தனித் தாளா?

ப: இல்லை, மூன்றுக்கும் லைஃப் சயின்சஸ் ஒரே தாள்தான். 3 மணி நேரம், 200 மதிப்பெண். அதில் 100 மதிப்பெண் சி பகுதிக்கு: 75 கேள்வியில் 25 எழுதினால் போதும், ஒவ்வொன்றுக்கும் 4. தவறுக்குக் கால் பங்கு பிடிப்பார்கள். ஆகவே எல்லாப் பிரிவையும் மேலோட்டமாகப் படிப்பதைவிட உங்களுக்குக் கைவந்த நான்கைந்து பிரிவுகளை ஆழமாகப் படிப்பது பலன் தரும். ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000. 2023 ஜனவரியிலிருந்து இதுதான் தொகை.