மகள் ஃப்ரீலான்ஸ் ஆகிறாரா? முதலில் மணிக்கணக்கைக் கேளுங்கள்

மகள் கம்பெனி வேலையை விட்டுவிட்டு, தனியாக மென்பொருள் ப்ராஜெக்ட் எடுத்துச் செய்யப் போகிறார். வேலை கிடைக்குமா என்பது உங்கள் பயம். திறமை இருந்தால் வேலை வரும். வந்த பணத்தில் எவ்வளவு தனக்குச் சொந்தம் என்று அவருக்குத் தெரியுமா? எனக்கு அதுதான் கவலை.

வாரம் 40 மணி நேரம் என்றால் வருடத்துக்கு 2,080. இந்த மணிநேரம் முழுவதற்கும் பில் போட முடியாது. விடுமுறை, காய்ச்சல், புது கிளையன்ட் தேடுவது, வராத பணத்துக்கு மெயில் போடுவது எல்லாம் இதற்குள்தான். பழைய சம்பளத்தை 2,080ஆல் வகுத்து மணிக்கட்டணம் வைத்துவிட்டு 1,040 மணிக்கு மட்டும் பில் போட்டால், பாதிச் சம்பளம்தான் மிஞ்சும். புதிதாக வருகிற பலர் இங்கேதான் சறுக்குகிறார்கள்.

அதனால் நேரத்தை அன்றன்றைக்கே, வேலை செய்யும்போதே குறிக்கட்டும். "கோடிங், 6 மணி" என்று எழுதினால் கிளையன்ட் கேள்வி கேட்பார். "லாகின் பிழை திருத்தம், 1 மணி 15 நிமிடம்" என்றால் பேச்சு அங்கேயே முடியும். மொத்தத் தொகை பேசிய ப்ராஜெக்டுக்கும் இந்தக் கணக்கு வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த முறையும் குத்துமதிப்பாகத்தான் விலை சொல்வார்.

வரிக்கு ஒரே வழி, தனி வங்கிக் கணக்கு. பணம் வந்த அன்றே ஒரு பங்கை அதற்கு மாற்றிவிட வேண்டும். எத்தனை சதவீதம் என்பதை ஆடிட்டரிடம் கேளுங்கள், சொந்தக்காரரிடம் வேண்டாம். கிளையன்ட் வரிக்கென்று கொஞ்சம் பிடித்துக்கொண்டு மீதியைத் தந்தாலும், அதோடு வரி தீர்ந்தது என்று சொல்ல முடியாது. பல நாடுகளில் வருடத்துக்குள்ளேயே தவணைகளில் கட்டச் சொல்வார்கள்; தவறினால் வட்டி. லேப்டாப், சாஃப்ட்வேர் சந்தா ரசீதுகளும் பத்திரம்.

அப்புறம் காப்பீடு. மருத்துவக் காப்பீட்டை ராஜினாமாவுக்கு முன்பே பார்த்துவிடுங்கள். ஏற்கெனவே உள்ள நோய்களுக்குப் பல பாலிசிகளில் காத்திருப்புக் காலம் உண்டு. உடல்நலம் கெட்டு வேலை செய்ய முடியாத மாதங்களுக்கு வருமானப் பாதுகாப்பு பாலிசியும் இருக்கிறது. இளம் வயதில் யாரும் இதை யோசிப்பதில்லை.

அவர் எழுதிய கோடால் கிளையன்டுக்கு நஷ்டம் வந்தால் கைகொடுப்பது தொழில்முறைப் பொறுப்புக் காப்பீடு. சில கிளையன்டுகள் இது இல்லாமல் ஒப்பந்தமே போட மாட்டார்கள். இதில் ஒரு சூட்சுமம்: பெரும்பாலும், புகார் வரும் நாளில் பாலிசி நடப்பில் இருக்க வேண்டும், வேலை செய்த நாளில் இருந்தது மட்டும் போதாது. ப்ராஜெக்ட் முடிந்ததும் பிரீமியத்தை நிறுத்தினால், ஆறு மாதம் கழித்து வரும் புகாருக்கு அவரே கைக்காசு போட வேண்டியிருக்கும்.